பெண்கள் வாக்குரிமை பற்றிய கட்டுரையில் சொந்தக் கருத்தை இனங்காண்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெண்கள் வாக்குரிமை பற்றிக் கட்டுரை எழுதுகிறவரிடம் "சொந்தக் கருத்தை நீக்குங்கள்" என்று சொன்னால், அவர் முதலில் அடிப்பது "நான் நினைக்கிறேன்" என்ற சொற்களைத்தான். கருத்து அப்படியே இருக்கிறது. அது யாருடைய கருத்து என்ற விவரம் மட்டும் காணாமல் போகிறது. பல கட்டுரைகளைத் திருத்தியபோது இதையே திரும்பத் திரும்பக் கண்டேன்.

முறையான எழுத்தில் கருத்து இருப்பது பிழையல்ல. கருத்து செய்தியின் உடையில் வந்து நிற்பதுதான் பிழை. அதைக் கண்டுபிடிக்கும் வழியைக் கீழே படிப்படியாகத் தருகிறேன். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். ஏன் அந்த வரிசை என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கேள்வித்தாளோ தலைப்போ எதுவானாலும் அதன் ஏவல் சொல்லை முதலில் பாருங்கள். "விவரிக்க" என்றால் உங்கள் தீர்ப்பை யாரும் கேட்கவில்லை. "விளக்குக" என்றால் காரணங்கள் வேண்டும். "மதிப்பிடுக" என்றால் கருத்துச் சொல்லாமல் விடுவதே குறை. இதைப் பார்க்காமல் எழுதத் தொடங்கியவர்கள், "மதிப்பிடுக" என்ற கேள்விக்கு ஆண்டுகளின் பட்டியலையும் "விவரிக்க" என்ற கேள்விக்கு மேடைப் பேச்சையும் தந்திருக்கிறார்கள்.

அடுத்து, இனி எடுக்கும் குறிப்பு ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எங்கிருந்து வந்தது என்று எழுதிவர வேண்டும். இல்லையென்றால் ஒரு நூலாசிரியரின் கருத்தை நாளை நீங்களே செய்தியாக எழுதிவிடுவீர்கள். மூன்று வண்ணப் பென்சில்கள் வேண்டும். எழுதுவதற்கும் திருத்துவதற்கும் இடையில் ஓர் இரவாவது வேண்டும்.

2. உங்கள் நிலைப்பாட்டைத் தனித்தாளில் எழுதுங்கள்

குறிப்பெடுக்கும் முன்பே இதைச் செய்யுங்கள். "பெண்களை இவ்வளவு காலம் வாக்களிக்க விடாதது அநீதி." "எதிர்ப்பு சட்டத்தைவிட வீட்டுக்குள் அதிகமாக இருந்தது." எதுவானாலும் ஒரே வாக்கியமாக, ஒளிக்காமல் எழுதுங்கள். அந்தத் தாளை மேசையில் கண்ணில் படும்படி வையுங்கள்.

எழுதப்படாத கருத்து ஒவ்வொரு வாக்கியத்திலும் கசியும். எழுதி வைத்த கருத்தை அடையாளம் காண முடியும். இந்தப் பொருளில் நமக்குக் கருத்து இல்லாமல் இருக்க வழியில்லை. நம் பாட்டிமார், கொள்ளுப்பாட்டிமார் காலத்துக் கதை இது. கருத்தே இல்லாதவர்போல் நடிக்க முயன்றால் நடிப்பு கைகொடுக்காது, கட்டுரையும் நேர்மையாக இருக்காது.

3. "வாக்குரிமை" என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

புதியவர்கள் மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இது. "நியூசிலாந்து 1893இல் பெண்களுக்கு வாக்குரிமை தந்த முதல் நாடு" என்று எழுதிவிட்டு, செய்தி சொல்லிவிட்டதாக நினைக்கிறார்கள். வாக்களிப்பது ஒன்று, தேர்தலில் நிற்பது வேறொன்று. நியூசிலாந்துப் பெண்கள் 1893இலேயே வாக்களித்தார்கள். ஆனால் நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளராக நிற்கும் உரிமை அவர்களுக்கு 1919இல்தான் சட்டமானது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் தெற்கு ஆஸ்திரேலியாவின் 1894ஆம் ஆண்டுச் சட்டம் முன்னே வருகிறது, ஆனால் அது அப்போது தனி நாடு அல்ல, ஒரு குடியேற்றப் பகுதி. ஐரோப்பாவில் பின்லாந்து 1906இல் இரண்டு உரிமைகளையும் ஒன்றாகச் சட்டமாக்கியது. 1907 தேர்தலில் 200 இடங்களில் 19 பெண்கள் வென்றார்கள்.

ஆகவே ஒவ்வொரு நாட்டுக்கும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். எந்தத் தேர்தல்? எந்த வயது? சொத்து, கல்வி நிபந்தனை உண்டா? இனம், குடியுரிமை காரணமாக யாராவது விடப்பட்டார்களா? வேட்பாளராக நிற்கலாமா?

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1918ஆம் ஆண்டுச் சட்டம் 30 வயது நிரம்பிய பெண்களை வாக்காளராக்கியது. அவர்களும் தாமோ கணவரோ சொத்துத் தகுதி உடையவராகவோ, தாம் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். ஆண்களுக்கோ 21 வயது போதும். வயது சமமானது 1928இல். ஆஸ்திரேலியாவில் 1902ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் பெண்களை ஏற்றபோதே பூர்வகுடி மக்களில் பெரும்பாலோரை, ஆண் பெண் இருபாலாரையும், வெளியே நிறுத்தியது.

சென்னை மாகாணச் சட்டமன்றம் 1921இல் பெண் என்பதற்காக வாக்கு மறுக்கும் விதியை நீக்கியது. சொத்து நிபந்தனை தொடர்ந்ததால் வாக்களிக்கக்கூடிய பெண்களின் எண்ணிக்கை சிறிதாகவே இருந்தது. மன்ற உறுப்பினராகும் வழி 1926இல் திறந்தது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராகி, 1927இல் மன்றத்தின் துணைத் தலைவரானார். இலங்கையில் 1931இல் 21 வயது நிரம்பிய ஆண்களும் பெண்களும் வாக்களித்தார்கள். அதை "அனைவருக்கும் வாக்குரிமை" என்று எழுதும்போது, மலையகத் தமிழருக்கு அதே காலத்தில் விதிக்கப்பட்ட குடியிருப்பு நிபந்தனைகளை மறந்துவிடக் கூடாது. பின்னர் 1949இல் அவர்களில் மிகப் பெரும்பாலோர், பெண்களும் ஆண்களும், வாக்கை இழந்தார்கள்.

கருத்தைப் பற்றிய வழிகாட்டியில் இவ்வளவு சட்ட விவரம் எதற்கு என்று கேட்கலாம். "பெண்களுக்கு" என்ற ஒரு சொல்லுக்குள் யாரை அடக்கினோம், யாரை விட்டோம் என்பதே பல நேரங்களில் நாம் அறியாமல் சொல்லும் முதல் கருத்து. அதனால்தான் இந்தப் படி வண்ணம் தீட்டும் படிக்கு முன்னால் வருகிறது. செய்தியே முழுதாக இல்லாதபோது அதைக் கருத்திலிருந்து பிரிக்க முடியாது.

4. எந்த நாளைக் குறிக்கிறீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள்

சட்டம் நிறைவேறிய ஆண்டு, நடைமுறைக்கு வந்த ஆண்டு, பெண்கள் முதன்முதலாக வாக்களித்த ஆண்டு ஆகிய மூன்றும் வேறுபடலாம். பிரான்சில் ஆணை வந்தது 1944, பெண்கள் முதலில் வாக்களித்தது 1945. கட்டுரை முழுவதும் ஒரே வகை நாளையே பயன்படுத்துங்கள். ஒரு நாட்டுக்குச் சட்ட ஆண்டும் மற்றொரு நாட்டுக்கு வாக்களித்த ஆண்டும் எடுத்து ஒப்பிட்டால், பிந்திவிட்ட நாடு உங்கள் கைவேலையால் இன்னும் பிந்தும்.

5. வாக்கியங்களை மூன்று வண்ணமாகப் பிரியுங்கள்

முதல் வரைவை எழுதி முடித்தபின் இதைச் செய்யுங்கள். எழுதும்போதே பிரிக்க முயன்றால் எழுத்து நகராது.

சரிபார்க்கக்கூடிய செய்திக்கு நீலம். செய்திகளுக்கு இடையே காரணமும் தொடர்பும் சொல்லும் விளக்கத்துக்குப் பச்சை. நல்லது, கெட்டது, போதும், போதாது என்று சொல்லும் மதிப்பீட்டுக்குச் சிவப்பு.

சிவப்பை எல்லாரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பச்சையில்தான் சிக்கல். "முதல் உலகப் போரில் பெண்கள் உழைத்ததால் பிரிட்டனில் 1918இல் வாக்குரிமை கிடைத்தது" என்ற வாக்கியத்துக்குப் பெரும்பாலோர் நீலம் தீட்டுகிறார்கள். போரில் பெண்கள் உழைத்தது செய்தி. 1918இல் சட்டம் வந்தது செய்தி. நடுவில் நிற்கும் "ஆல்" என்ற உருபு ஒரு வாதம். ஆயுதத் தொழிற்சாலைகளில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் இளம்பெண்கள். 30 வயது நிரம்பாத அவர்களுக்கு அந்தச் சட்டம் வாக்குத் தரவில்லை. அப்படியானால் உழைப்புக்குக் கிடைத்த பரிசு என்று அதை எப்படிச் சொல்வது? போருக்கு முந்தைய பல ஆண்டு இயக்கத்தை எங்கே வைப்பது? இவை விவாதத்துக்கு உரியவை. எழுதலாம், ஆனால் வாதமாக எழுத வேண்டும்.

ஒரு வாக்கியம் எந்த வண்ணம் என்று ஐயம் வந்தால் இப்படிச் சோதியுங்கள்: இதை ஏற்காத, ஆனால் நேர்மையான ஒருவரிடம் ஓர் ஆவணத்தைக் காட்டினால் அவர் ஏற்பாரா? ஏற்பார் என்றால் நீலம். ஆவணத்தைப் பார்த்துவிட்டு "அதற்கு வேறு பொருளும் உண்டே" என்பார் என்றால் பச்சை. "எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை" என்பார் என்றால் சிவப்பு.

6. சொற்களுக்குள் ஒளிந்திருக்கும் கருத்தைத் தேடுங்கள்

இனி நீல வாக்கியங்களை மட்டும் எடுத்து மறுபடி படியுங்கள். தமிழில் கருத்து ஒளிந்துகொள்ள இடங்கள் ஏராளம். நான்கைச் சொல்கிறேன்.

முதலில் வினைச்சொல். "வாக்குரிமை வழங்கப்பட்டது" என்பதில் கொடுத்தவர் பெரியவராகிறார், வாங்கியவர் கைநீட்டி நிற்கிறார். "வென்றெடுத்தனர்" என்பதில் போராடியவர் பெரியவராகிறார். "பெற்றனர்" இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. எது சரி என்பதைச் சட்டத்தின் வாசகமே பல நேரம் சொல்லிவிடும். அமெரிக்க அரசமைப்பின் 19ஆவது திருத்தம் 1920இல் நடைமுறைக்கு வந்தது. பால் வேறுபாடு காரணமாக வாக்களிக்கும் உரிமையை மறுக்கவோ குறைக்கவோ கூடாது என்றே அது சொல்கிறது. அதில் வழங்குவது என்ற பேச்சே இல்லை. தடையை நீக்கியது என்று எழுதினால் செய்தியும் துல்லியமாகும், கருத்தும் கசியாது. வேறு காரணங்களைக் காட்டித் தென்மாநிலங்களில் கறுப்பினப் பெண்களின் வாக்கு ஏன் 1965 வரை பெருமளவில் தடுக்கப்பட முடிந்தது என்பதும் அப்போது வாசகருக்குப் புரியும்.

இரண்டாவது, இடைச்சொல். தான், கூட, ஏ, உம் ஆகியவை சிறியவை, ஆனால் தீர்ப்பெழுத வல்லவை. "சுவிட்சர்லாந்தில் 1971இல் பெண்கள் கூட்டாட்சி அளவில் வாக்குரிமை பெற்றனர்" என்பது செய்தி. "1971இல்தான் பெற்றனர்" என்பதில் தாமதம் என்ற தீர்ப்பு ஏறிவிடுகிறது. "சுவிட்சர்லாந்தில் கூட" என்றால் அந்த நாட்டைப் பற்றிய நம் முன்மதிப்பும் சேர்கிறது. "தான்" போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் படியில் நியூசிலாந்தின் 1919க்கு நானே அதைப் போட்டிருக்கிறேன். முன்வாக்கியத்தில் 1893 இருப்பதால் இடைவெளியை வாசகரே பார்க்க முடிகிறது. ஒப்பிட ஒன்று பக்கத்தில் இருந்தால் "தான்" போடுங்கள். இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். சுவிட்சர்லாந்து பற்றி எழுதும்போது, 1959ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பில் ஆண் வாக்காளர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மறுத்ததையும், அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்தில் 1990இல் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகே மாநில அளவில் பெண்கள் வாக்களிக்க முடிந்ததையும் எழுதிவிடுங்கள். தாமதம் என்று நீங்கள் சொல்ல வேண்டிய தேவையே இராது.

மூன்றாவது, வாய்பாடு. "என்றால் மிகையாகாது", "என்பது மறுக்க முடியாத உண்மை", "யாவரும் அறிந்ததே", "சொல்லித் தெரிய வேண்டியதில்லை." இவை வந்த இடத்திலெல்லாம் ஆதாரம் இல்லாத கருத்து ஒன்று இருக்கும். மறுக்க முடியாத உண்மையை யாரும் அப்படி அறிவிப்பதில்லை. 1928க்குப் பின் 1929 வந்தது மறுக்க முடியாத உண்மை என்று யாராவது எழுதுகிறார்களா? வாய்பாட்டை அடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். தனியே நிற்க முடியாவிட்டால் ஆதாரம் தேடுங்கள், அல்லது வாக்கியத்தையே விட்டுவிடுங்கள்.

நான்காவது, அடைமொழி. "வீரப் பெண்மணிகள்", "பிற்போக்கு அரசு", "அப்பாவிப் பெண்கள்." புகழும் அடைமொழியும் கருத்துதான் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நியூசிலாந்து வாக்குரிமை இயக்கத்தின் தலைவர் கேட் ஷெப்பர்டை வீரர் என்று எழுதுவதைவிட, 1893இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குப் போன மனுக்களில் மொத்தம் ஏறத்தாழ 32,000 கையெழுத்துகள் இருந்தன என்று எழுதினால் அவரும் அவரோடு வீடுவீடாகச் சென்றவர்களும் செய்த வேலை கண்ணில் தெரியும்.

7. பிறர் கருத்தை அவரவர் பெயரில் எழுதுங்கள்

எடுத்துச் சொல்லும் வினையில் கவனம் வேண்டும். "என்றார்" எந்தப் பக்கமும் சாயாது. "வாதிட்டார்" என்றால் எதிர்வாதம் உண்டு என்று பொருள். "சுட்டிக்காட்டினார்" என்றால் அவர் சொன்னது உண்மை என்று நீங்களும் ஒப்புகிறீர்கள். "கூறிக்கொண்டார்" என்றால் ஐயப்படுகிறீர்கள். ஆதரித்தவர்களெல்லாம் சுட்டிக்காட்டி, எதிர்த்தவர்களெல்லாம் கூறிக்கொண்டிருந்தால் கட்டுரை முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டது.

எதிர்த்தவர்களை ஒரே கூட்டமாக்குவதும் பிழை. பிரிட்டனில் 1908இல் வாக்குரிமைக்கு எதிராகப் பெண்களே ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆகவே "ஆண்கள் எதிர்த்தனர், பெண்கள் போராடினர்" என்ற வாக்கியம் நீலமாகத் தெரிந்தாலும் நீலமல்ல. இந்தியாவில் 1917இல் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு சென்னையில் இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. யாருக்கு வாக்குத் தரலாம் என்று ஆராயப் பின் வந்த சவுத்பரோ குழு, சமூக நிலைமை அதற்குப் பக்குவப்படவில்லை என்று மறுத்தது. "இந்தியச் சமூகம் அப்போது பக்குவப்படவில்லை" என்று நீங்களே எழுதினால் அந்தக் குழுவின் கருத்தை உங்கள் தோளில் ஏற்றிக்கொள்கிறீர்கள். "பக்குவப்படவில்லை எனக் குழு கருதியது" என்று எழுதுங்கள். சில சொற்கள்தான் கூடுகின்றன. பொறுப்பு உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

8. உங்கள் கருத்துக்கு உரிய இடம் கொடுங்கள்

இப்போது இரண்டாம் படியில் எழுதிய தாளை எடுங்கள். அந்தக் கருத்து கட்டுரையில் எங்கே வர வேண்டும்? முன்னுரையின் இறுதியில் மையக் கருத்தாகவும், ஒவ்வொரு பகுதியிலும் ஆதாரத்துக்குப் பின்னாலும் வரலாம். பகுதிக்குள் ஆதாரத்துக்கு முன்னால் வந்தால், பின்வரும் செய்தியெல்லாம் அதற்குச் சாட்சி சொல்லவே வந்ததுபோல் ஆகிவிடும்.

"நான்" எழுதலாமா என்பதைக் கட்டுரை கேட்டவரிடம் தெரிந்துகொள்ளுங்கள். கூடாது என்றால் "எனக் கருத இடமுண்டு", "என்று கொள்வதே பொருத்தம்" போன்றவை உதவும். அவற்றுக்குள்ளும் அளவு உண்டு. "காட்டுகிறது" வலியது, "உணர்த்துகிறது" நடுத்தரம், "எனத் தோன்றுகிறது" மெலியது. ஆதாரம் எவ்வளவோ அவ்வளவு வலிமை போதும். எல்லாவற்றுக்கும் "எனலாம்" போட்டு முடிப்பவர்கள், உறுதியான செய்தியையும் ஐயமாக்கிவிடுகிறார்கள். "பின்லாந்தில் 1906இல் சட்டம் வந்தது எனலாம்" என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அங்கே "எனலாம்" என்பதற்கு வேலையே இல்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நடுநிலை என்பது இரு தட்டிலும் சம எடை வைப்பதல்ல. பெண்கள் வாக்களிப்பது சரியா தவறா என்று இன்று பாதிக்குப் பாதி எழுத வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்பதைச் சிதைக்காமல் எழுத வேண்டும். அதன்பின் அது ஏன் தவறு என்று உங்கள் பெயரிலேயே சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

9. ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

பழகுவதற்காக நானே எழுதிய பத்தி இது:

"சுதந்திர இந்தியா பெண்களுக்கு வாக்குரிமையை அள்ளி வழங்கியது. ஆனால் தங்கள் பெயரைக் கூடச் சொல்லத் தெரியாத அறியாமையால் 28 லட்சம் பெண்கள் அந்த அரிய வாய்ப்பை வீணடித்தது வேதனைக்குரிய உண்மை."

28 லட்சம் என்ற எண் சரி, அதனாலேயே பத்தி முழுவதும் செய்திபோல் தோன்றுகிறது. "அள்ளி வழங்கியது" என்ற வினை, "கூட" என்ற இடைச்சொல், "அறியாமை" என்ற காரணம், "வீணடித்தது" என்ற குற்றச்சாட்டு, "வேதனைக்குரிய உண்மை" என்ற வாய்பாடு என ஐந்து கருத்துகள் அதற்குள் இருக்கின்றன. நடந்ததும் வேறு. அந்தப் பெண்களுக்குப் பெயர் தெரியாமல் இல்லை. அந்நியரிடம் பெயர் சொல்லும் வழக்கம் இல்லாததால், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிவாகியிருந்தார்கள்.

திருத்தியபின்:

"இந்திய அரசமைப்பின் 326ஆவது பிரிவு, 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவரையும் வாக்காளராக ஏற்றது. 1951-52 தேர்தலுக்கான பட்டியலில் பல பெண்கள் தம் பெயரால் அன்றி, இன்னாரின் மனைவி, தாய் என்றே பதிவாகியிருந்தனர். சொந்தப் பெயர் வேண்டும் எனத் தேர்தல் ஆணையம் வலியுறுத்தியது. பெயர் கிடைக்காத ஏறத்தாழ 28 லட்சம் பதிவுகள் நீக்கப்பட்டன. பெண்ணைத் தன் பெயரால் அறிய வேண்டும் என்ற கொள்கை சரியானதே. ஆயினும் அந்தத் தேர்தலில் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் அந்தப் பெண்களே எனக் கருத இடமுண்டு."

முதல் நான்கு வாக்கியங்கள் நீலம். கடைசி இரண்டும் என் கருத்து, அது வாசகருக்கும் தெரிகிறது. அவர் மறுக்க விரும்பினால் எதை மறுக்க வேண்டும் என்பதும் தெரியும்.

10. கடைசி வாசிப்பு

ஓர் இரவு கழித்துச் செய்யுங்கள். முதலில் நீல வாக்கியங்களை மட்டும் தொடர்ந்து படியுங்கள். கதை விளங்க வேண்டும். விளங்காவிட்டால் செய்தி போதவில்லை, மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

பிறகு பச்சையும் சிவப்பும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதைத் தாங்கும் நீலம் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவற்றை நீக்குங்கள். அவை எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் நீக்குங்கள்.

இறுதியாக, இரண்டாம் படியில் எழுதிய வாக்கியத்தை மறுபடி படியுங்கள். செய்திகளைச் சேர்த்தபின் அது சற்றாவது மாறியிருக்கலாம். மாறியிருந்தால் முன்னுரையின் மையக் கருத்தையும் அதற்கேற்பத் திருத்தி எழுதிவிட்டுக் கட்டுரையைக் கொடுங்கள்.